சாம்பலைச் சீராகப் பரப்புதல்: லேசர் அச்சில் நிறக் குறைகளின் வரலாறு

கறுப்பு எழுத்தை வெள்ளைத் தாளில் கூர்மையாகப் பதிப்பது லேசர் அச்சுப்பொறிக்கு எந்தக் காலத்திலும் பெரிய வேலையாக இருந்ததில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே சீராகக் கறுப்பை நிரப்பச் சொன்னால் அது திணறியது. சாம்பலை நிரப்பச் சொன்னால் இன்னும் அதிகமாகத் திணறியது. வெளிறல், திட்டு, நீளக் கோடு, குறுக்குப் பட்டை, வெள்ளைப் பரப்பில் படியும் தூசி, முன்பு அச்சான எழுத்து மங்கலாக மறுபடி தோன்றுவது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகுவது என்று பழுதுநீக்கும் கையேடுகள் அடுக்கும் குறைகள் எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒரு குறையைத் தீர்க்கச் சேர்த்த உறுப்பே அடுத்த குறைக்குக் காரணமானது இந்தத் தொழிலில் பலமுறை நடந்திருக்கிறது.

செஸ்டர் கார்ல்சன் அமெரிக்க மின்சாதன நிறுவனமொன்றின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்குப் படி எடுக்கும் தொல்லையே அவரை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது. 1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க் நகரின் அஸ்டோரியாவில் வாடகைக்கு எடுத்த அறையில், அவரும் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயற்பியலாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினர். தேதியும் ஊர்ப்பெயரும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினர். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் கசிந்து போயிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் நுண்தூளைத் தூவி ஊதியபோது எழுத்து தெரிந்தது. மெழுகுத்தாளை அழுத்தித் தூளை ஒற்றியெடுத்துச் சூடாக்கி ஒட்டவைத்தார்கள். மின்னேற்றுதல், ஒளி காட்டுதல், தூள் படியவைத்தல், தாளுக்கு மாற்றுதல், சூட்டில் உருக்கி ஒட்டுதல், எஞ்சியதைத் துடைத்தல் என்ற வரிசை இன்றைய லேசர் அச்சுப்பொறியிலும் மாறவில்லை. குறை எந்தப் படியில் புகுந்தது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பவரின் முழு வேலையும் ஆகும்.

1944இல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் உள்ள பேட்டல் ஆய்வு நிறுவனம் கார்ல்சனின் கண்டுபிடிப்பை மேம்படுத்த முன்வந்தது. கந்தகத்துக்குப் பதில் செலினியம் வந்தது. கைக்குட்டைக்குப் பதில் உயர் மின்னழுத்தம் பாயும் மெல்லிய கம்பி வந்தது. அதைச் சுற்றியுள்ள காற்று அயனியாகித் தகட்டில் மின்னேற்றத்தைப் படியவைத்தது. தூளை நேரடியாகத் தூவாமல், பெரிய மணிகளோடு கலந்து உருட்டினார்கள். மணியோடு உரசித் தூள் மின்னேற்றம் பெறும்; தகட்டின் ஈர்ப்பு வலுவாக உள்ள இடத்தில் மணியை விட்டுப் பிரியும். மூன்றும் அருமையான தீர்வுகள். மூன்றும் தத்தம் குறைகளையும் கொண்டுவந்தன. கம்பியில் ஒரு புள்ளியில் அழுக்கு படிந்தால் அந்த இடத்துக்கு நேராகத் தாளின் மேலிருந்து கீழ்வரை கோடு விழும். மணிகள் பழையதானால் தூள் போதிய மின்னேற்றம் பெறாமல் கண்டபடி படியும். செலினியம் நீல ஒளியை நன்றாக உணரும், சிவப்பை உணராது. அதனால் வெளிர்நீல மையில் எழுதியது படியில் வெள்ளையாகவே போயிற்று. சிவப்பு மை கருகருவென்று விழுந்தது. கார்ல்சனின் இந்த உலர் மின்னச்சு முறையில் முதலில் வந்த நிறச் சிக்கல் இதுதான். அச்சில் நிறம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மூலத்தின் நிறம் தொல்லை கொடுத்தது.

ராச்செஸ்டர் நகரின் ஹாலாய்ட் நிறுவனம் இந்த முறையின் உரிமையைப் பெற்று, 1959 செப்டம்பரில் ஜெராக்ஸ் 914 என்ற படியெடுப்பானை வெளியிட்டது. சாதாரணத் தாளில் நிமிடத்துக்கு 7 படிகள். அலுவலக வாழ்க்கையையே மாற்றிய அந்தப் பெட்டியால் ஒரு கறுப்புச் சதுரத்தை ஒழுங்காகப் படியெடுக்க முடியவில்லை. சதுரத்தின் விளிம்புகள் கறுப்பாக வந்தன. நடுப்பகுதி வெளிறிக் கிடந்தது. இயந்திரம் பழுதானதால் வந்த வினை அல்ல இது, மின்புலத்தின் இயல்பு. சீராக மின்னேற்றப்பட்ட பரப்பின் நடுவில் மின்புலக் கோடுகள் பெரும்பாலும் கீழே உள்ள உலோகத்தை நோக்கியே செல்லும், வெளியே தலைகாட்டாது. மின்னேற்றம் உள்ள இடமும் இல்லாத இடமும் சந்திக்கும் விளிம்பில்தான் அவை வளைந்து வெளியே வந்து தூளை இழுக்கும். எழுத்து என்பது கிட்டத்தட்ட முழுக்க விளிம்புதான். ஆகவே எழுத்து நன்றாக விழுந்தது. நிழற்படத்தில் விளிம்பு குறைவு, பரப்பு அதிகம். ஆகவே அது கெட்டது. அலுவலகங்களில் படியெடுத்தவை பெரும்பாலும் தட்டச்சுக் கடிதங்கள் என்பதால் இந்தக் குறை வியாபாரத்தைப் பாதிக்கவில்லை.

இதே குறையை ஒரு துறை மட்டும் விரும்பி ஏற்றது. 1970களில் மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எக்ஸ் கதிர்ப் படங்களைச் செலினியம் தகட்டில் பதிவுசெய்து, நீலத் தூளால் தாளில் அச்சிட்டார்கள். திசுக்களின் எல்லைகளும் சிறு சுண்ணப் படிவுகளும் விளிம்பு மிகைப்பால் எடுப்பாகத் தெரிந்தன. மேம்பட்ட படச்சுருள் முறைகள் வரும்வரை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினர்.

அலுவலக இயந்திரத்தில் அதே விளிம்பு மிகைப்பைப் போக்க, படம் உள்ள பரப்புக்கு மிக அருகில் ஒரு மின்கடத்தியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போது உள்நோக்கிச் சென்ற புலக்கோடுகள் வெளியே திரும்பி நடுப்பரப்பிலும் தூளை இழுக்கும். காந்த உருளையின்மேல் இரும்புத் துகள்கள் சிலிர்த்து நின்று தூரிகை போலப் பரப்பை வருடும் காந்தத் தூரிகை முறை இதைச் சிறப்பாகச் செய்தது. 1975இல் கோடாக் வெளியிட்ட எக்டாபிரிண்ட் படியெடுப்பான் கறுப்புப் பரப்புகளைத் திடமாக நிரப்பிப் பெயர் வாங்கியது. நிழற்படத் தொழிலில் ஊறிய நிறுவனம் எழுத்தைவிடப் பரப்பைக் கவனித்ததில் வியப்பில்லை.

லேசர் இந்தக் கதையில் நுழைந்தது ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர் மூலம். வெப்ஸ்டர் ஆய்வகத்தில் மேலதிகாரிகள் ஆர்வம் காட்டாத அவரது யோசனை, 1971இல் அவர் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறிய பின் உருப்பெற்றது. ஜெராக்ஸ் 7000 படியெடுப்பானைப் பிரித்து, சுழலும் பன்முகக் கண்ணாடியால் லேசர் கதிரை, தகட்டின் இடத்தைப் பிடித்திருந்த ஒளியுணர் உருளையின் குறுக்கே வரிவரியாக ஓடவிட்டார். கண்ணாடியின் ஒரு முகம் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அந்த முகம் எழுதும் வரி மட்டும் இடம் விலகும். எழுத்தில் அது தெரியாது. சாம்பல் பரப்பில் குறுக்குப் பட்டைகளாகப் பளிச்சென்று தெரியும். படிக்கும் தூரத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் பட்டைகளை மனிதக் கண் மிக எளிதில் பிடித்துவிடும். முகங்களை அவ்வளவு துல்லியமாகச் செதுக்குவது கட்டுப்படியாகாத விலை. சாய்ந்து விழும் கதிரையும் ஒரே வரிக்குத் திருப்பும் உருளை வடிவ வில்லையைப் பொருத்தி ஸ்டார்க்வெதர் அதைத் தீர்த்தார். கண்ணாடியின் குறை தீர்ந்தாலும் பட்டை அடியோடு ஒழியவில்லை. உருளையைச் சுழற்றும் பற்சக்கரங்களின் நடுக்கம் இன்றும் அதைக் கொண்டுவருகிறது. சுழலும் கண்ணாடியே வேண்டாமென்று, ஆயிரக்கணக்கான ஒளியுமிழ் டையோடுகளை வரிசையாக அடுக்கி எழுதும் முறையை 1980களில் ஓக்கி நிறுவனம் வளர்த்தது. அங்கே ஒரு டையோடு மங்கினால் நீளக் கோடு.

லேசர் இன்னொரு பெரிய மாற்றத்தையும் செய்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் வெளிறலையும் அழுக்கையும் ஆராய முடியாது. படியெடுப்பானில் மூலத்தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் ஒளி உருளையின் மின்னேற்றத்தை அழிக்கிறது. ஒளி படாத இடத்தில் தூள் ஒட்டுகிறது. பெரும்பாலான லேசர் அச்சுப்பொறிகளிலோ லேசர் தொட்ட இடத்தில்தான் தூள் ஒட்டுகிறது. ஆகவே மின்னேற்றும் உறுப்பு செயலிழந்தால் பழைய படியெடுப்பான் வெற்றுத்தாளைத் தள்ளும். லேசர் அச்சுப்பொறி முழுக் கறுப்புத் தாளைத் தள்ளும். உருளை தேய்ந்து மின்னேற்றத்தைத் தக்கவைக்க முடியாமல் போனால் முன்னதில் எழுத்து வெளிறும். பின்னதில் வெள்ளைப் பரப்பு சாம்பல் பூக்கும். படியெடுப்பானில் கைதேர்ந்தவரின் உள்ளுணர்வு லேசர் அச்சுப்பொறியில் நேர்எதிராக வழிகாட்டிவிடும்.

லேசரால் வெள்ளைப் பகுதியை எழுதும் இயந்திரங்களும் ஒரு காலத்தில் புழங்கின. ஒரே எழுத்துரு ஒன்றில் தடிமனாகவும் மற்றதில் மெலிந்தும் விழுந்தது, ஏனெனில் லேசர் புள்ளி வட்டமானது. கறுப்போ வெள்ளையோ, தான் எழுதும் பகுதியைச் சற்றே பெருக்கிவிடும். டொனால்டு நூத் உருவாக்கிய மெட்டாஃபாண்ட் என்ற எழுத்துரு நிரலில், ஒவ்வொரு அச்சுப்பொறிக்கும் கறுப்பைக் கூட்டிக் குறைக்கத் தனி அளவுரு இருந்தது இதற்காகவே.

லேசர் புள்ளிக்குக் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுச் சாயல் பெரும்பாலும் இல்லை. சாம்பலைப் புள்ளிகளின் அடர்த்தியால் ஏமாற்றித்தான் காட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பத்திரிகைத் தொழில் கண்ணாடித் திரைவழியே இதைச் செய்துவிட்டது. லேசர் அச்சு அதே பாடத்தைக் குறைந்த வசதியோடு படித்தது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால், 8க்கு 8 கட்டத்தில் 65 சாயல்கள் கிடைக்கும். ஆனால் திரை அங்குலத்துக்கு 37 வரிகளாகச் சொரசொரக்கும். செய்தித்தாளே 85 வரிகளில் அச்சானது. தொடக்ககால 300 புள்ளி அச்சுப்பொறிகள் 53 வரி என்ற சமரசத்துக்கு வந்தன. கிடைத்த சாயல்கள் 33 மட்டுமே. முகத்தின் கன்னத்தில் மென்மையாக இறங்க வேண்டிய நிழல் படிக்கட்டுகளாக இறங்கியது. அக்கால அச்சில் தெரியும் அந்தப் படிகளுக்குக் கார்ட்ரிட்ஜையோ உருளையையோ குற்றம் சொல்ல முடியாது, கணக்கே அவ்வளவுதான். 1992இல் ஹியூலட் பேக்கர்டின் லேசர்ஜெட் 4 கொண்டுவந்த 600 புள்ளிகள்தான் அந்தக் கணக்கைத் தளர்த்தின. புள்ளிகளைத் தனித்தனியாகச் சிதறவிட்டால் சாயல் கூடும் என்ற மாற்று வழி கணினித் திரையில் நன்றாக இருந்தது. தாளில் ஒற்றைப் புள்ளி நம்பத்தகாதது. சில விழும், சில விழாது. கொத்துப் புள்ளிகளே நிலைத்தன.

அந்த 300 புள்ளி அச்சுப்பொறிகளுக்கு வழி வகுத்தது கார்ட்ரிட்ஜ். 1982இல் கேனான் சிறு படியெடுப்பான்களில் உருளை, தூள், மின்னேற்றும் பகுதி மூன்றையும் ஒரே கார்ட்ரிட்ஜில் அடைத்தது. தேயும் பொருள்கள் எல்லாம் ஒன்றாக வெளியேறும்; பொறியாளர் வர வேண்டியதில்லை. அதே எண்ணத்தில் கேனான் செய்த எஞ்சினைக் கொண்டு 1984இல் ஹியூலட் பேக்கர்டின் லேசர்ஜெட்டும் 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டரும் வந்தன. செலினியம் உணராத அகச்சிவப்பு ஒட்டிய ஒளியைத்தான் மலிவான குறைகடத்தி லேசர் தந்தது. அந்த ஒளியை உணரும் கரிமப் பூச்சு உருளைகள் அதற்குத் துணையாயின. அவை விலை குறைந்தவை, மென்மையானவை, துடைப்புத் தகடு உராய உராயத் தேய்பவை. கார்ட்ரிட்ஜோடு சேர்த்து எறியப்படும் உருளைக்கு நீண்ட ஆயுள் எதற்கு என்பதே வடிவமைப்பாளர்களின் வாதம்.

அந்த வாதத்தை இந்தியச் சந்தை ஏற்கவில்லை. தூள் தீர்ந்ததும் கார்ட்ரிட்ஜைப் பிரித்து நிரப்பும் தொழில் நகரங்கள்தோறும் முளைத்தது. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகள் முதல் மாவட்டத் தலைநகரங்களின் ஜெராக்ஸ் கடைத் தெருக்கள் வரை ஹியூலட் பேக்கர்டின் 12ஏ கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்யத் தெரிந்தவர்கள் உருவானார்கள். உற்பத்தியாளர் வெளியே எறியச் சொன்ன பழுதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அறியும் திறமை இவர்கள் கையில் வளர்ந்தது. டிரம் எனும் ஒளியுணர் உருளை தேய்ந்தால் தாளின் ஓரம் அழுக்காகும்; வைப்பர் பிளேடு எனும் துடைப்புத் தகடு மழுங்கினால் முந்தைய எழுத்து நிழலாடும்; தூளின் அளவைக் கட்டுப்படுத்தும் டாக்டர் பிளேடில் கட்டி சிக்கினால் வெள்ளைக் கோடு; மின்னேற்றும் பிசிஆர் உருளையில் அழுக்கென்றால் சீரான இடைவெளியில் கறை. மலிவுத் தூளின் மின்னேற்றக் குணம் அசலோடு ஒத்துப்போகாததால் வரும் பின்புல அழுக்கு மட்டும் எந்த உறுப்பை மாற்றினாலும் போகாது.

சீரான இடைவெளியில் திரும்பும் கறையை அளவுகோல் வைத்தே கண்டுபிடிக்கலாம். 30 மி.மீ. விட்டமுள்ள உருளையின் சுற்றளவு 94 மி.மீ. சொச்சம், 24 மி.மீ. உருளைக்கு 75. கறை அந்த இடைவெளியில் விழுந்தால் அந்த உருளையே குற்றவாளி. சூடாக்கும் உருளைக்கு வேறு சுற்றளவு, வேறு இடைவெளி. தூள் ஏற்றும் காந்த உருளை சில எஞ்சின்களில் டிரம்மைவிட வேகமாகச் சுழல்வதால் கறை சுற்றளவைவிடக் குறுகிய இடைவெளியில் விழும். இதை மறந்தவர்கள் நல்ல உறுப்பை மாற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அச்சு ஓடும்போதே மூடியைத் திறந்து நிறுத்தி, தாளுக்கு மாறாத படத்தை டிரம்மில் பார்ப்பது இன்னொரு பழைய உத்தி. டிரம்மில் படம் நன்றாக இருந்தால் குற்றம் தாளுக்கு மாற்றும் படியிலோ அதற்குப் பின்போ உள்ளது.

மாற்றும் படியைக் கெடுப்பதில் ஈரத்துக்கு இணை இல்லை. தாளுக்குப் பின்புறம் எதிர் மின்னேற்றம் கொடுத்துத்தான் தூளை இழுக்கிறார்கள். ஈரத்தாள் அந்த மின்னேற்றத்தைக் கசியவிடுகிறது. மழைக்காலத்தில் திறந்து கிடந்த கட்டிலிருந்து எடுத்த தாளில் கறுப்புப் பரப்பு தேமலாக விழுவதற்கு இதுவே காரணம். ஈரக்காற்று தூளின் மின்னேற்றத்தையும் குறைத்துப் பின்புலத்தை அழுக்காக்கும். புதிய தாள்கட்டைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது, கார்ட்ரிட்ஜ் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை.

நிறம் தாமதமாக வந்தது. 1973இல் ஜெராக்ஸ் 6500 நிறப் படியெடுப்பானும், 1987இல் கேனானின் லேசர் நிறப் படியெடுப்பானும் வந்தன. 1993இல் இஸ்ரேலின் இண்டிகோவும் பெல்ஜியத்தின் ஸீகானும் அச்சகங்களுக்கான இலக்கமுறை நிற இயந்திரங்களை வெளியிட்டன. அதே ஆண்டு க்யூஎம்எஸ் நிறுவனமும், 1994இல் ஹியூலட் பேக்கர்டும் மேசைக்கு நிற லேசர் அச்சுப்பொறியைக் கொண்டுவந்தன. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் ஒரே டிரம்மில் நான்கு சுற்றாக ஏற்றியவை மெதுவாக ஓடின. ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே டிரம், ஒரே லேசர் எழுதியதால் பொருத்தம் ஓரளவு தானாக அமைந்தது. வேகத்துக்காக நான்கு டிரம்களை வரிசையாக நிறுத்தியபோது ஒவ்வொன்றும் தன் போக்கில் சாய்ந்தது, வளைந்தது, சூட்டில் நீண்டது. கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மெஜந்தா நிழல் தெரிந்தால் இதுதான் காரணம். இயந்திரத்துக்குள் நகரும் பட்டையில் நான்கு நிறக் குறிகளை அச்சிட்டு, உணரியால் படித்து, லேசரின் தொடக்க நேரத்தைத் திருத்தும் தானியங்கி முறை இதற்காகவே உருவானது. அடர்த்தியையும் அதே பட்டையில் சிறு சதுரங்களாக அச்சிட்டு அளக்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றியதும் இயந்திரம் தாள் எதுவும் தள்ளாமல் நெடுநேரம் இரைவது இந்த வேலைக்காக. உணரிக் கண்ணாடியில் தூள் படிந்தால் இயந்திரம் தவறாக அளந்து, சரியாக இருந்த நிறத்தையும் கெடுத்துவிடும். மென்துணியால் துடைத்தால் தீரும் இந்தக் கோளாறுக்குப் புதுக் கார்ட்ரிட்ஜ்கள் பல வீணாகின்றன.

சாம்பலின் பழைய தொல்லை நிறத்தோடு இன்னொரு வடிவில் திரும்பியது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் சம அளவில் கலந்தால் சாம்பல் வராது, செம்பழுப்பு வரும். உண்மை நிறமிகள் தூய்மையற்றவை என்பதால் சயான் சற்றுத் தூக்கலாக வேண்டும். நடுநிலைச் சாம்பலில் எந்தப் பக்கம் சிறிது சாய்ந்தாலும் கண் கண்டுகொள்ளும். பச்சையிலோ சிவப்பிலோ அதே அளவு பிசகு கவனத்தில் படாது. அதனால் நிறக் கோளாறைத் தேட நல்ல சோதனைப் பக்கம் அழகிய வண்ணப்படம் அல்ல, மூன்று நிறங்களால் ஆன சாம்பல் பட்டையும் ஒவ்வொரு தனி நிறத்தின் பட்டையும்தான். சிவப்பு வெளிறினால் மெஜந்தாவையோ மஞ்சளையோ சந்தேகிக்கலாம். பச்சையும் வெளிறினால் மஞ்சள். நீலமும் வெளிறினால் மெஜந்தா.

தூளும் இதற்கிடையே மாறியது. அரைத்துப் பொடித்த ஒழுங்கற்ற துகள்களுக்குப் பதில், வேதிமுறையில் வளர்த்த உருண்டைத் துகள்கள் 1990களின் பிற்பாதியிலிருந்து பரவின. துகளுக்குள்ளேயே மெழுகு இருந்ததால், சூட்டு உருளையில் நிறத்தூள் ஒட்டாமலிருக்கத் தடவிய சிலிக்கான் எண்ணெய் தேவையற்றுப் போனது. அந்த எண்ணெய் தாளில் விட்ட பளபளப்புக் கோடுகளும் மறைந்தன.

ஒரு நிறத் திட்டை மட்டும் எந்தத் தொழில்நுட்பரும் நீக்க முயல வேண்டியதில்லை. பல நிற லேசர் அச்சுப்பொறிகள் கண்ணுக்கு எட்டாத நுண்ணிய மஞ்சள் புள்ளிகளைப் பக்கம் முழுக்க வேண்டுமென்றே இடுகின்றன. கள்ளநோட்டைத் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. 2005இல் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு ஜெராக்ஸ் டாக்குகலர் இயந்திரங்களின் புள்ளிகளை விடுவித்து, அவை இயந்திரத்தின் வரிசை எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் சொல்கின்றன என்று காட்டியது.

திரையில் தெரிந்த நிறம் தாளில் வரவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் பழுது அல்ல. திரை ஒளியைக் கூட்டுகிறது, தூள் ஒளியை விழுங்குகிறது. இரண்டும் எட்டும் நிறங்களின் எல்லை வேறு. இந்த இடைவெளியைக் கணக்காக்க 1993இல் பல நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை அமைத்து, ஒவ்வொரு கருவிக்கும் நிறக் குறிப்புக் கோப்பு என்ற முறையை வகுத்தன. 1996இல் முன்மொழியப்பட்ட எஸ்ஆர்ஜிபி சாதாரணக் கணினிகளுக்குப் பொது அளவாயிற்று. ஆனாலும் திரையின் அடர்நீலம் தாளில் ஊதாவாக விழுவது இன்றும் வழக்கம். அந்த நீலத்தைக் காட்ட சயானும் மெஜந்தாவும் ஏறத்தாழ முழு அளவில் விழ வேண்டியிருக்கிறது. மெஜந்தாவின் பங்கு கூடியதும் நிறம் சிவப்புப் பக்கம் சாய்கிறது. அச்சுப்பொறியைத் திறப்பதால் இது தீராது. கோப்பில் மெஜந்தாவைக் குறைத்தால் தீரும்.